‘பரவாயில்ல தம்பி’யை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? சர்வே எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குக் கல்லூரி மாணவர்களோடு சர்வேக்குப் போயிருந்தேன். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஓர் அப்பத்தாவிடம் மாணவர் ஒருவர் தாளைப் பார்த்துக் கேள்வியை வாசித்தார்: “தங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தின் சேவையில் தங்களுக்கு எந்த அளவு திருப்தி? மிகுந்த திருப்தி, ஓரளவு திருப்தி, கருத்து இல்லை, ஓரளவு அதிருப்தி, மிகுந்த அதிருப்தி.” அப்பத்தா இடிப்பதை நிறுத்திவிட்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், “பரவாயில்ல தம்பி” என்றார். மாணவர் ‘ஓரளவு திருப்தி’யில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

நான் சும்மா பேச்சுக் கொடுத்தேன். “நர்சம்மா தங்கமான பிள்ள, ஊசி போட்டதே தெரியாது. டாக்டரத்தான் கண்ணுல பார்த்து ரெண்டு மாசமாச்சு. பிரஷர் மாத்திரை போன தடவ இல்லன்னுட்டாக, வெளிய காசு குடுத்து வாங்குனேன்.” ஒரு டிக்குக்குள் மூன்று தகவல்கள் காணாமல் போயிருந்தன.

‘பரவாயில்லை’ என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் எல்லை கிடையாது. நன்றாக இருந்தாலும் பரவாயில்லை, மோசமாக இருந்து சகித்துக்கொண்டாலும் பரவாயில்லை, “உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது” என்றாலும் பரவாயில்லை. ஐந்து படி அளவுகோலை 1932இல் உருவாக்கிய லிக்கர்ட் அமெரிக்கர். அதைப் புத்தகத் தமிழில் மொழிபெயர்த்துத் திண்ணையில் வாசித்தால் இப்படித்தான் ஆகும். திருப்தியைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக எப்போது போனீர்கள், டாக்டர் இருந்தாரா, எழுதிய மாத்திரை எல்லாம் அங்கேயே கிடைத்ததா, வெளியே எவ்வளவு செலவானது. இவற்றுக்குப் ‘பரவாயில்லை’ என்று பதில் சொல்ல முடியாது. “டாக்டரும் மருந்தும் ஒழுங்காகக் கிடைக்கிறதா?” என்று இரண்டை ஒன்றாகச் சேர்த்துக் கேட்பதும் இதே ரகத் தவறுதான்.

நோயின் பெயரிலும் இந்தச் சிக்கல் உண்டு. ‘நீரிழிவு’, ‘இரத்த அழுத்தம்’ என்று தாளில் இருக்கும். வீட்டில் அவை சுகர், பிரஷர். அதை மாற்றிவிடலாம். அம்மைதான் கஷ்டம். “கடந்த மூன்று மாதத்தில் வீட்டில் யாருக்காவது நோய் வந்ததா?” என்று கேட்டால் “இல்லை” என்பார்கள். வாசலில் வேப்பிலை காய்ந்து தொங்கிக்கொண்டிருக்கும். அம்மை போட்டதை நோய்க் கணக்கில் பலர் சேர்ப்பதில்லை. அது அம்மன் வந்து போனது. தனியாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.

“சுகர் இருக்கா?” என்ற கேள்விக்கு வரும் “இல்ல” என்பதும் பாதி நேரம் “டெஸ்ட் எடுத்ததில்ல” என்பதுதான். அதனால் “எப்போதாவது ரத்தம் எடுத்துப் பார்த்தீர்களா, டாக்டர் என்ன சொன்னார்” என்று இரண்டாகப் பிரித்துக் கேட்க வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வில் கேள்வியோடு நிற்காமல் விரலில் குத்தி சர்க்கரை அளவும், கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தமும் பார்ப்பது சும்மா இல்லை.

காலத்தைக் கேட்பதில் மட்டும் மதுரைக்காரர்களுக்கு ஒரு வசதி. “கடந்த ஆறு மாதத்தில்” என்றால் யாருக்கும் கணக்கு நிற்காது. “அழகர் ஆத்துல இறங்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டுப் பாருங்கள், ஆஸ்பத்திரிக்குப் போன கிழமை வரை சொல்வார்கள்.

இனி, யாரிடம் கேட்பது என்பது. பெரிய தவறுகள் நடப்பது இங்கேதான். ஆனால் ‘எத்தனை பேர்’ என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குத் தபாலில் வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அதை எண்ணிப் பார்த்து லேண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். பெயர்களை எடுத்தது டெலிபோன் புத்தகத்திலிருந்தும் கார் வைத்திருந்தவர்கள் பட்டியலிலிருந்தும். அந்தப் பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர் யார் என்று யோசித்தால் பாதி விடை கிடைக்கும். சீட்டைத் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர் யார் என்பதில் மீதி விடை.

பழைய கதை என்று தள்ள வேண்டாம். 2021இல் அமெரிக்காவில் பேஸ்புக் வழியாக வாரம் சுமார் இரண்டரை லட்சம் பேரிடம் நடந்த சர்வே, கொரோனா தடுப்பூசி போட்டவர்களின் அளவை மே மாதத்தில் 17 சதவீதப் புள்ளி கூட்டிக் காட்டியது. ஒழுங்காகத் தேர்ந்தெடுத்த ஆயிரம் பேரிடம் கேட்ட சின்ன சர்வே உண்மைக்கு நெருங்கி இருந்தது. இன்று நம் கல்லூரிகளில் கூகுள் பாரம் ஒன்றை வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டு, வந்த 600 பதிலை ‘மதுரை மக்களின் மனநிலை’ என்று ஆய்வேட்டில் எழுதுகிறார்கள். அது அந்த மாணவரின் சித்தப்பா, மாமா, டியூசன் நண்பர்களின் மனநிலை.

ஒழுங்காக, அதாவது எல்லாருக்கும் சம வாய்ப்பு இருக்கும்படி குலுக்கி எடுத்தால், 400 பேரில் பிழை ஏறக்குறைய 5 புள்ளி இப்படியோ அப்படியோ. ஆயிரம் பேரில் 3. மதுரை மாவட்டத்தின் 30 லட்சம் பேருக்கும் தமிழ்நாட்டின் 7 கோடிக்கும் இது கிட்டத்தட்ட ஒன்றுதான். சோறு வெந்ததா என்று பார்க்கப் பானை பெரிதா சின்னதா என்பது முக்கியமில்லை. கிளறிவிட்டு எடுத்தோமா என்பதுதான். அந்த 400இல் பேரையூர்க்காரர்கள் 40 பேரை மட்டும் பிரித்தெடுத்தால் பிழை 15 புள்ளியைத் தாண்டும். அதை வைத்துக்கொண்டு ‘பேரையூரில் 47.5 சதவீதம்’ என்று எழுதுகிறவரிடம் அந்தப் புள்ளி ஐந்து யார் என்று கேட்க வேண்டும்.

களத்தில் கிளறுவது எப்படிக் கெடுகிறது? காலை 11 மணிக்குப் போனால் ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், பெண்களில் பாதிப் பேர் நூறு நாள் வேலையில் இருப்பார்கள். வீட்டில் இருப்பவர் வயதானவர், அல்லது உடம்புக்கு முடியாதவர். அவர்களை மட்டும் கேட்டுவிட்டு ஊரில் இத்தனை பேருக்கு மூட்டுவலி என்றால் நம்பும்படியாகவா இருக்கும்? பூட்டிய வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போவதும் அப்படித்தான். சாயங்காலம் திரும்பப் போக வேண்டும், முடிந்தால் ஞாயிற்றுக்கிழமையும். வீட்டுக்குள் யாரைக் கேட்பது என்பதையும் வாசலில் நிற்பவர் முடிவு செய்யக்கூடாது. பெரியவர்களில் யாருடைய பிறந்த நாள் கடைசியாக வந்து போனது என்று கேட்டு அவரிடம் பேசுங்கள். தேதி தெரியாதவர்கள் உள்ள வீட்டில் பெயரை எழுதிச் சீட்டு எடுங்கள்.

இன்னொன்று, சொல்ல யாருக்கும் பிடிக்காதது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஆரம்பித்து ஐந்தாவது வீடு, பத்தாவது வீடு என்று எண்ணிக்கொண்டு போவார்கள். கோயில் தெரு, மேலத் தெரு முடியும்போது தாளும் முடிந்துவிடும். கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனிக்கு யாரும் போயிருக்க மாட்டார்கள். போகக்கூடாது என்று யாரும் சொல்வதில்லை, வெயில், தூரம், “அங்கிட்டு எதுக்கு தம்பி?” என்று டீக்கடையில் ஒருவர் கேட்ட கேள்வி, அவ்வளவுதான். தண்ணீர், காய்ச்சல், ஆஸ்பத்திரி பற்றிய சர்வேயில் அந்தப் பகுதி விடுபட்டால் மிச்சத்தை எடுத்தும் பயனில்லை. கிளம்புவதற்கு முன்பே ஊர் வரைபடத்தில் எல்லாக் குடியிருப்புகளையும் குறித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை வீடு என்று பங்கு போட்டுவிடுங்கள்.

அரசியல் கேள்விக்கு வருவோம். முதலில், நீங்கள் யார் என்று அவர்கள் நினைக்கிறார்கள்? கையில் தாளோடு வந்தால் அரசாங்க ஆள். “மாசம் வர்ற ஆயிரம் ரூவாய நிறுத்திருவாங்களா?” என்று ஒரு அக்கா என்னிடமே கேட்டிருக்கிறார். மகளிர் உரிமைத் தொகை போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவர் ஆட்சியைப் பற்றி உங்களிடம் மனதில் உள்ளதைச் சொல்வாரா? ஆதார் எண்ணைக் கேட்கவே கேட்காதீர்கள். எந்தக் கல்லூரி, எதற்காக, பெயர் எழுத மாட்டோம், வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம் என்பதை அவர் தலையாட்டும் வேகத்தில் அல்ல, புரியும் வேகத்தில் சொல்லுங்கள். கரைவேட்டிக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றால் அரசியல் கேள்வியை அங்கேயே மூடி, தண்ணீர் வசதி பற்றிப் பேச ஆரம்பித்துவிடுங்கள்.

ஓட்டுக்குப் பணம் வாங்கினீர்களா என்று நேராகக் கேட்பது வீண் வேலை. 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு ‘திருமங்கலம் பார்முலா’ என்று ஒரு சொல்லே அரசியலில் புழங்க ஆரம்பித்தது. அந்தத் திருமங்கலத்திலேயே கேட்டாலும் “எங்க வீட்டுக்கு வரல, அடுத்த தெருவுக்குக் குடுத்தாங்க” என்பார்கள். அடுத்த தெருவிலும் அதே பதில்தான். இதற்கு ஒரு வழி இருக்கிறது. சீட்டுக் குலுக்கி ஆட்களை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு நான்கு விஷயம்: வேட்பாளர் வீட்டுக்கு வந்தார், நோட்டீஸ் கொடுத்தார்கள், கூட்டத்துக்குப் போனேன், கட்சிக்காரர் போன் செய்தார். மறு பாதிக்கு இவற்றோடு ஐந்தாவதாக, பணம் கொடுத்தார்கள். எது எது என்று சொல்ல வேண்டாம், எத்தனை என்று மட்டும் சொன்னால் போதும். முதல் பாதியின் சராசரி 2.1, இரண்டாவதன் சராசரி 2.5 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.4, அதாவது 40 சதவீதம் பேருக்குப் பணம் போயிருக்கிறது. யார் வாங்கினார் என்று உங்களுக்கே தெரியாது. இதே வேலைக்கு நாணயம் சுண்டும் முறையும் உண்டு: தலை விழுந்தால் எதுவானாலும் ‘ஆமாம்’ சொல்ல வேண்டும், பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும், என்ன விழுந்தது என்று கேட்பவருக்குத் தெரியாது. எங்கள் ஊரில் அது எடுபடவில்லை. “என்னப்பா, பூவா தலையா போட்டு விளையாடுற?” என்று சிரித்துவிட்டார்கள்.

அடுத்தது வதந்தி பற்றிய சர்வே. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸப்பில் ஆடியோ சுற்றி, பல பெற்றோர் பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முகாமை நீட்டிக்க வேண்டியிருந்தது. இதுபோன்ற ஒன்றைப் பற்றிக் கேட்கும்போது கேள்விப்பட்டது, நம்பியது, அடுத்தவருக்கு அனுப்பியது ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். மூன்றும் வேறு வேறு ஆட்கள். நம்பாமலே “எதுக்கும் இருக்கட்டும்” என்று பார்வேர்டு செய்யும் பெரியப்பாக்கள் எத்தனை பேர்!

கேள்விப்பட்டேன் என்பதையும் அப்படியே எடுக்க முடியாது. 2016 அமெரிக்கத் தேர்தல் பொய்ச்செய்திகளை வைத்து நடந்த ஆய்வில், அவற்றைப் பார்த்ததாக 15 சதவீதம் பேர் சொன்னார்கள். ஆய்வாளர்களே கற்பனையில் தயாரித்து, எங்குமே வெளிவராத செய்திகளையும் 14 சதவீதம் பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். 2020இல் இன்னொரு சர்வே, 502 பேரில் 4 சதவீதம் பேர் கொரோனாவுக்குப் பயந்து பிளீச் கரைசலைக் குடித்தார்கள் அல்லது வாய் கொப்பளித்தார்கள் என்றது, உலகமே பதறியது. பிறகு வேறு ஆய்வாளர்கள் சோதித்தபோது, ‘ஆமாம்’ போட்டவர்களில் பெரும்பாலோர் எதைக் கேட்டாலும் ஆமாம் போடுகிறவர்கள் என்று தெரிந்தது. இரும்புச்சத்துக்காக கான்கிரீட் தின்றதாகவும், உயிர் போன மாரடைப்பு தனக்கு அண்மையில் வந்ததாகவும்கூட அவர்கள் டிக் அடித்திருந்தார்கள். ஆகவே உண்மைச் செய்தி, பொய்ச் செய்தி, நீங்களே புனைந்த ஒன்று என்று மூன்றையும் கலந்து கேளுங்கள். ‘தெரியாது’ என்ற கட்டத்தைத் தாளில் வைப்பதோடு வாய் திறந்தும் சொல்லுங்கள்.

எழுந்து வருவதற்கு முன் எது பொய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு வர வேண்டும். நாங்கள் ஒரு தடவை அதைச் செய்யவில்லை. அடுத்த வாரம் அதே தெருவில் ஒருவர் எங்கள் மாணவியிடம், “ஊசி போட்டா பிள்ள பெறக்காதாம்ல, காலேஜுல இருந்து வந்தவுகளே சொன்னாக” என்றார்.

சரி, கடைசியாக டீக்கடை நிரப்பல், அதாவது வீட்டுக்கே போகாமல் டீக்கடையில் உட்கார்ந்து தாளை நிரப்பிவிடுவது. வெயிலில் நாற்பது வீடு ஏறி இறங்குகிறவருக்கு இருபதாவது வீட்டிலேயே அந்த ஆசை வரும். அவரை மட்டும் குறை சொல்லாமல் நாளுக்கு எட்டு, பத்து வீட்டோடு நிறுத்துங்கள். பத்தில் ஒரு வீட்டுக்கு நீங்களே திரும்பப் போய்ப் பாருங்கள். நான் அப்படிப் போன முதல் நாள், தாளில் ஐந்து பேர் கொண்ட குடும்பம் என்றும், குடும்பத்தலைவி பொறுமையாகப் பதிலளித்தார் என்றும் இருந்த வீட்டின் கதவில் பூட்டுத் துருப்பிடித்துத் தொங்கியது. “அவுக திருப்பூருக்குப் போயி ரெண்டு வருசமாச்சே” என்றார் எதிர்வீட்டு அக்கா.