லோகோ சரியாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள்

"உங்கள் ஆர்டர் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. 24 மணி நேரத்துக்குள் கார்டு விவரங்களைச் சரிபார்க்கவும்." அமேசான் பெயரிலோ ஃபிளிப்கார்ட் பெயரிலோ இப்படி ஒரு மெயில் வந்தால், பலரும் லோகோவையும் அனுப்பியவர் பெயரையும் பார்த்துவிட்டு நம்பிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். லோகோவை யாரும் எடுத்து ஒட்டலாம். அனுப்புநர் பெயராக எதையும் டைப் செய்துகொள்ளலாம். மொபைலில் ஜிமெயில் அந்தப் பெயரைத்தான் முன்னால் காட்டும். கீழே உள்ள சின்ன அம்புக்குறியைத் தட்டினால்தான் மெயில் முகவரி தெரியும்.

லிங்கைத் திறக்காமல் அழுத்திப் பிடித்தாலே அது போகும் முகவரி வரும். அதை இடப்பக்கத்திலிருந்து படிப்பது அடுத்த தவறு. 'அமேசான்.இன்.ரீஃபண்ட்-ஹெல்ப்.காம்/லாகின்' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்த ஒற்றைச் சாய்கோட்டிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். காம், அதற்கு முன் ரீஃபண்ட்-ஹெல்ப். தளம் அவ்வளவுதான். முன்னால் இருக்கும் அமேசானை யார் வேண்டுமானாலும் ஒட்டவைக்கலாம். எழுத்துகளையும் உற்றுப் பாருங்கள்: ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஆர், என் இரண்டும் நெருங்கி நின்றால் எம் போலவே தெரியும்.

பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்பார்கள். நீங்கள் டைப் செய்வதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. போய்ச் சேரும் இடமே திருடனுடையது என்றால் அதனால் என்ன பயன்? அந்தப் பூட்டைக் காட்டத் தேவையான சான்றிதழ் போலித் தளத்துக்கும் இலவசமாகவே கிடைக்கிறது.

முகவரி அசலாக இருந்தும் ஏமாறலாம். ஆன்லைனில் பணம் அனுப்பும் சேவையான பேபாலில் யாரும் யாருக்கும் இன்வாய்ஸ், அதாவது பணம் கேட்கும் பில், அனுப்பலாம். மோசடிக்காரர்கள் அதன் குறிப்புப் பகுதியில் "இந்தக் கட்டணம் உங்களுடையது இல்லையென்றால் அழையுங்கள்" என்று தங்கள் நம்பரைப் போடுகிறார்கள். மெயில் உண்மையிலேயே பேபாலின் சர்வரிலிருந்து வருவதால் ஸ்பாம் வடிகட்டியும் பல நேரம் விட்டுவிடும். ஆகவே மெயிலில் உள்ள லிங்க், நம்பர், க்யூஆர் கோடு எதையும் தொடாமல், நீங்களே ஆப்பைத் திறந்து ஆர்டர் பகுதியைப் பாருங்கள். ஆர்டரில் உண்மையிலேயே சிக்கல் என்றால் அங்கேயே தெரியும். ரீஃபண்ட் தருகிறோம், யூபிஐ பின் போடுங்கள் என்றால் சந்தேகமே வேண்டாம், மோசடி. பணம் வாங்க பின் தேவையே இல்லை.

விவரங்களைக் கொடுத்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு விடியும்வரை காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கார்டை உடனே பிளாக் செய்து வங்கியிடம் புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017-ல் வகுத்த விதிப்படி, ஓடிபி, பாஸ்வேர்டைக் கொடுத்ததால் போன பணத்துக்கு, வங்கிக்குத் தெரிவிக்கும்வரை பொறுப்பு உங்களுடையது. தெரிவித்த பிறகு போவதற்கு வங்கி பொறுப்பு. அடுத்து சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்: பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் முடக்க முடியும். பிறகு பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலும் லாக்-அவுட் செய்யுங்கள். அதே பாஸ்வேர்டை மெயிலுக்கும் வைத்திருந்தால், முதலில் மெயிலில் மாற்றுங்கள். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் அங்கேதான் வரும்.