டாக்கரில் விக்கி ஏற்றுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் கம்பெனி ஆவணங்களுக்காகச் சொந்த சர்வரில், டாக்கர் (மென்பொருளைக் கண்டெய்னர் எனும் தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) வழியாக விக்கி.ஜேஎஸ் என்ற விக்கி மென்பொருளை நிறுவுகிற பிள்ளைகள் இப்போது அதிகம். எளிதான பாஸ்வேர்டு, ரேம் போதாமை எல்லாம் தானாகவே கண்ணில் படும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வால்யூமைத் தப்பான இடத்தில் மாட்டுவது

வால்யூம் என்பது கண்டெய்னர் போனாலும் தரவு தங்குகிற இடம். எனக்கு இன்னும் ஆத்திரம் வருவது இதில்தான். கப்பலூர் பக்கம் ஒரு சின்ன கம்பெனி. மாதாந்திர மின்தடைக்கு முன் 'டாக்கர் கம்போஸ் டவுன்' (கண்டெய்னர்களை நிறுத்தி நீக்கும் கட்டளை) கொடுத்துவிட்டு, சாயங்காலம் 'அப்' (உருவாக்கி ஓட்டும் கட்டளை) கொடுத்திருக்கிறான் பையன். "அண்ணே, புதுசா அட்மின் அக்கவுண்ட் உருவாக்கச் சொல்லுதுண்ணே" என்று போன். மெஷின் செட்டிங் குறிப்புகள் அத்தனையும் அதில்தான் இருந்தன.

எந்தக் கண்டெய்னர் எப்படி ஓட வேண்டும் என்று எழுதிவைக்கும் கம்போஸ் ஃபைலில் வால்யூம் இருந்தது, பாதைதான் தப்பு. விக்கியின் தரவு இருந்தது போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில். போஸ்ட்கிரஸ் 17 வரையிலான இமேஜ்கள் (கண்டெய்னரை உருவாக்கும் தயார் தொகுப்புகள்) தரவை '/வார்/லிப்/போஸ்ட்கிரஸ்க்யூஎல்/டேட்டா'வில் வைக்கும். இவன் கடைசி 'டேட்டா'வை விட்டுவிட்டான். டாக்கர் எந்த எச்சரிக்கையும் தராமல் அந்த இடத்துக்குப் பெயரில்லாத ஒரு வால்யூமை உருவாக்கிக்கொள்ளும். ரீஸ்டார்ட் செய்தாலும், இமேஜை மாற்றி 'அப்' கொடுத்தாலும் அதுவே திரும்ப மாட்டிக்கொள்ளும். அதனால் மாதக்கணக்கில் தெரியாது. 'டவுன்' கொடுத்து 'அப்' கொடுத்தால்தான் புதுசாக ஒன்று வரும்.

அப்போதும் பழைய வால்யூம் டிஸ்கில் அப்படியே கிடக்கும், மீட்டுவிடலாம். ஆனால் பதற்றத்தில் அவன் 'வால்யூம் ப்ரூன்' கொடுத்துவிட்டான். அந்தக் கட்டளை அழிப்பதே பெயரில்லாத, எதிலும் மாட்டாத வால்யூம்களைத்தான். போயே போச்சு.

போஸ்ட்கிரஸ் 18 இமேஜில் பாதையே மாறிவிட்டது. அதில் 'டேட்டா' இல்லாமல் மேல் ஃபோல்டரில்தான் மாட்ட வேண்டும். எங்கிருந்தோ எடுத்த கம்போஸ் ஃபைலை ஒட்டும்முன் பதிப்பு எண்ணைப் பாருங்கள். நிறுவிய அன்றே ஒரு சோதனைப் பக்கம் எழுதி, 'டவுன்' கொடுத்து, 'அப்' கொடுத்து, பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். 'டாக்கர் இன்ஸ்பெக்ட்' கொடுத்து மவுண்ட்ஸ் பகுதியையும் பாருங்கள். தரவுப் பாதைக்கு நேராக நீங்கள் வைத்த பெயருக்குப் பதில் நீளமான எழுத்தும் எண்ணுமாக ஒன்று தெரிந்தால், நிறுத்திச் சரிசெய்யுங்கள். இழக்க எதுவும் இல்லாத நாள் அது ஒன்றுதான்.

'டவுன்' உடன் '-வி'

பெயர் வைத்த வால்யூமும் சேர்ந்தே அழியும். பழக்கமாக்காதீர்கள்.

'லேட்டஸ்ட்' டேக்

பதிப்பு எண் சொல்லாமல் புதியதை இழுக்கும் குறி இது. டேட்டாபேஸுக்கு வேண்டவே வேண்டாம். போஸ்ட்கிரஸ் 16இல் உருவான தரவு ஃபோல்டரை 17 திறக்காது.

5432ஐ வெளியே திறப்பது

5432 என்பது போஸ்ட்கிரஸின் போர்ட் எண். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருக்கிறோம் என்று நம்ப முடியாது. டாக்கர் திறக்கிற போர்ட் அதைத் தாண்டிப் போய்விடும். விக்கியும் டேட்டாபேஸும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதால், டேட்டாபேஸுக்கு 'போர்ட்ஸ்' வரியே தேவையில்லை.

ஃபோல்டர் காப்பியை பேக்கப் என்பது

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்தால் திரும்ப எழும் என்று உறுதியில்லை. பிஜி_டம்ப் (போஸ்ட்கிரஸின் சொந்த பேக்கப் கருவி) எடுங்கள், வேறு மெஷினில் வையுங்கள். அப்புறம் அதை அங்கே ஏற்றி ஒரு பக்கமாவது திறந்து பாருங்கள்.