எல்லாத்துக்கும் "படிப்படியாக"ன்னு போடாதீங்க

போன வாரம் ஒரு வாழ்க்கை வரலாற்றோட மொழிபெயர்ப்பு திருத்தறதுக்கு வந்துச்சு. ஒரே அத்தியாயத்துல பதினோரு "படிப்படியாக". இருள் படிப்படியாகச் சூழ்ந்தது, அப்பாவின் கோபம் படிப்படியாகக் குறைந்தது, சேமிப்பு படிப்படியாகக் குறைந்தது, பார்வை படிப்படியாகக் குறைந்தது... மொழிபெயர்த்தவர்கிட்ட கேட்டா "கிராஜுவலின்னா அதானே சார்"ங்கறார். அகராதியில அந்த இங்கிலீஷ் வார்த்தைக்குப் படிப்படியாக, மெல்ல மெல்ல, சிறுகச் சிறுகன்னு எல்லாத்தையும் ஒரே வரியில கமா போட்டு அடுக்கி வச்சிருக்கறதால வர்ற வினை.

படிப்படியான்னா உள்ள படி இருக்கணும். கட்டம் கட்டமா, ஒண்ணுல நின்னு அடுத்ததுக்குப் போறது, பெரும்பாலும் யாரோ திட்டம் போட்டுச் செய்யறது. டாக்டர் மருந்தோட அளவைப் படிப்படியா குறைப்பார், இந்த வாரம் இவ்வளவு அடுத்த வாரம் இவ்வளவுன்னு அங்க கணக்கு இருக்கு. இருட்டுக்கு ஏது படி? அது மெல்ல மெல்லத்தான் கவியும். மெல்லங்கறதுல வேகம் கம்மிங்கறதோட சத்தமில்லாமங்கற அர்த்தமும் ஒட்டிக்கிட்டு இருக்கு, "மெல்ல நழுவிட்டான்"னு சொல்றோமே அதே மெல்ல. சிறுகச் சிறுகன்னா அளவு சம்பந்தப்பட்டது, சின்னச் சின்னதா சேரணும் இல்ல போகணும். காசு சிறுகச் சிறுக சேரும், சரி. "குழந்தை சிறுகச் சிறுக நடக்கப் பழகியது"ன்னு எழுதினா காதுல இடிக்குது இல்லையா?

காலத்தைச் சொல்ற வார்த்தைங்கள்ல இன்னும் குழப்பம். நாளுக்கு நாள்னா நேத்துக்கும் இன்னைக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியணும், அதனால "மலை நாளுக்கு நாள் தேய்ந்தது"ன்னு எழுதக்கூடாது, அதுக்குக் காலப்போக்கில்தான் சரி. நாளடைவில் இதுக்கு நடுவுல, ஒரு ஆள் வாழ்க்கைக்குள்ள அடங்கற நீளம். போகப் போக அனுபவிக்கறவன் பக்கத்துலேர்ந்து பேசுறது, "போகப் போகப் பழகிடும்". வரவர இருக்கே, அதுல பாதி புகார்தான். "வரவர நீ சரியில்ல"ன்னு வீட்டுல சொல்றது, வரவர மாமியார் கழுதை போல ஆனாளாம்னு பழமொழி, எல்லாம் அந்த ரகம். பாராட்டா சொன்னாக்கூட ஒரு கிண்டல் தொனி இருக்கும். அதனால "நிறுவனத்தின் லாபம் வரவர உயர்ந்தது"ன்னு ஆண்டறிக்கையில போட்டா முதலாளிக்கு அதுல என்ன வருத்தம்னு படிக்கறவன் யோசிப்பான்.

ஆனா என்னைக் கேட்டா பெரிய தப்பு இந்த அடைமொழியில இல்ல, வினைச்சொல்லுல இருக்கு. "குறைந்தது"ங்கற ஒரே வார்த்தைய வச்சு ஓட்டறாங்க, கூடவே ஒரு படிப்படியாகவைச் சேர்த்துட்டா போதும்னு நெனப்பு. தமிழ்ல மெதுவா நடக்கறது வினைக்குள்ளயே இருக்கு. வெள்ளம் வடியும், குளம் வத்தும், கோபம் தணியும், வெயில் தாழும், பார்வை மங்கும், சாயம் வெளுக்கும், நிலா தேயும், சேமிப்பு கரையும், தொழில் நலியும். "பார்வை மங்கியது"ன்னா முடிஞ்சுது, படிப்படியாகவே வேணாம். தேயறதுக்கும் கரையறதுக்கும்கூட வித்தியாசம் பாருங்க. எறும்பு ஊரக் கல்லும் தேயும்னா உரசி உரசி மேல்பக்கம் போகுது, கல்லு இன்னும் இருக்கு. கரைஞ்சா பொருளே காணாமப் போயிடும். கையிருப்பு கரைஞ்சுதுன்னு சொல்றதுல அந்த வயித்தெரிச்சல் இருக்கு, குறைஞ்சுதுல அது கிடையாது.

பேர் மாறறதுல மருவறது, திரியறதுன்னு ரெண்டையும் கலக்கறாங்க. வாயில புழங்கிப் புழங்கிச் சுருங்கறது மருவறது, தஞ்சாவூர் தஞ்சை ஆச்சு, கோயம்புத்தூர் கோவை ஆச்சு, இலக்கணத்துல மரூஉன்னு பேரு. திரியறதுன்னா ஒண்ணு வேறொண்ணா மாறறது, பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகறப்ப ன் வந்து ற் ஆகுதே அது. இதுக்குக் காலமே தேவையில்ல, ரெண்டு சொல் பக்கத்துல வந்தாலே போதும். பேச்சுல திரியறதுக்குக் கெட்ட வாடையும் உண்டு, பால் திரிஞ்சு போச்சுங்கறோம்ல, அதனால ஊர்ப்பேர் "திரிந்து"ன்னு போட்டா ஏதோ கெட்டுப்போன மாதிரி கேக்கும்.

அப்புறம் பரிணாமம். 1859ல டார்வின் புத்தகம் வந்ததுலேர்ந்து உலகமே பேசற விஷயம், நம்ம ஆளுங்க பின்னாடி "வளர்ச்சி"ய ஒட்ட வச்சுட்டாங்க, அதனால மேல மேல போறதுதான் பரிணாமம்னு ஆயிடுச்சு. குகை இருட்டுல வாழ்ற மீனுக்குத் தலைமுறை தலைமுறையா கண்ணு இல்லாமப் போனதும் பரிணாமம்தான். தனி ஒருத்தர் "பாடகராகப் பரிணாம வளர்ச்சி அடைந்தார்"னு எழுதறது தேவையில்லாத ஜம்பம், பாடகரா வளர்ந்தார், அவ்வளவுதான். இலங்கைப் பாடநூல்ல கூர்ப்புன்னு போடுவாங்க, எனக்கு அது பிடிக்கும், வளர்ச்சிங்கற வாலு அதுல இல்ல.

எழுத்து மாறினதையும் எல்லாரும் "காலப்போக்கில்"னு ஒரே மூட்டையா கட்டிடறாங்க. பிராமியிலேர்ந்து வட்டெழுத்து வந்தது நெசமாவே காலப்போக்குல, யாரும் உக்காந்து முடிவு பண்ணல. தும்பிக்கை மாதிரி வளைஞ்சிருந்த ணை, லை, ளை, னை மாறினது அப்படி இல்ல, 1978ல தமிழ்நாடு அரசு ஆணை போட்டுது, அது சீர்திருத்தம். ஜனங்க கைக்குப் பழகினதுதான் நாளடைவில.

ஒற்று விஷயம் சட்டுனு சொல்லிடறேன். சிறுகச் சிறுக, போகப் போக, படிப்படியாக, இதுக்கெல்லாம் ஒற்று வரும். சிறிது சிறிதாகவுக்கு வராது, "சிறிதுச் சிறிதாக" தப்பு.

அந்த அத்தியாயத்தை நேத்துதான் திருப்பி அனுப்பினேன். பதினொண்ணுல ரெண்டு படிப்படியாக மிஞ்சுச்சு. ரெண்டுமே மாத்திரை அளவு பத்தினது.