உலக அமைதி விழா நடத்துகிறீர்களா? வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா நாள், செப்டம்பர் 21 உலக அமைதி நாள், அக்டோபர் 2 அகிம்சை நாள், அக்டோபர் 24 ஐ.நா. நாள். ஆடியில் தொடங்கி ஐப்பசி வரை பள்ளிகளிலும் நூலகங்களிலும் குடியிருப்போர் சங்கங்களிலும் அமைதி விழாக்களின் சீசன்தான். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அழைப்பிதழ் அடிப்பது முதல் நன்றியுரை வரை அதே தவறுகள் வருடா வருடம் திரும்ப வருகின்றன. பெரும்பாலானவை ஒரே ஆசையில் பிறப்பவை: 193 நாடுகளையும் இரண்டு மணி நேரத்தில் மேடையேற்றிவிடலாம் என்ற ஆசை.

முதலில் தேதி. 1981-ல் ஐ.நா. பொதுச்சபை உலக அமைதி நாளை அறிவித்தபோது, சபையின் ஆண்டுக் கூட்டம் தொடங்கும் செப்டம்பர் மூன்றாம் செவ்வாய் என்றுதான் வைத்தது. 2001-ல் வந்த தீர்மானம் அதை செப்டம்பர் 21 என்று நிலைப்படுத்தி, அன்றைக்குப் போர் நிறுத்தத்தைக் கடைப்பிடிக்கும்படியும் கேட்டுக்கொண்டது. பழைய பொது அறிவுப் புத்தகத்தை நம்பினால் செவ்வாய்க்கிழமையில் போய் நிற்க வேண்டியிருக்கும். நம் ஊரில் இன்னொரு சிக்கல், அந்த வாரத்தில் காலாண்டுத் தேர்வு இருக்கும். ஐ.நா. நாள் வரும்போதோ வடகிழக்குப் பருவமழையும் தீபாவளிக் கூட்டமும் சேர்ந்து வரும். மைதானத்தில் ஷாமியானா போட்டு நனைவதைவிட, ஒரு வாரம் முன்னே பின்னே தள்ளி உள்ளரங்கில் நடத்தலாம். ஐ.நா. கோபித்துக்கொள்ளாது.

அடுத்தது கொடிகள். அதிகம் சறுக்குவது இங்கேதான்.

இணையத்தில் கிடைத்த முதல் படத்தை எடுத்து பிரிண்ட் போடுவதுதான் வழக்கம். இந்தோனேசியாவின் கொடியில் மேலே சிவப்பு, கீழே வெள்ளை. தலைகீழாக்கினால் போலந்து. இது ஒருபுறம் இருக்கட்டும், பிலிப்பைன்ஸ் கொடியைத் தலைகீழாகக் கட்டுவது இன்னும் பெரிய விஷயம். அவர்கள் சட்டப்படி நீலம் மேலே இருந்தால் அமைதிக் காலம், சிவப்பு மேலே இருந்தால் நாடு போரில் இருக்கிறது. அமைதி விழாவில் ஒரு நாட்டின் சார்பாகப் போர் அறிவித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். பெரிய இடங்களிலும் இப்படி நடந்திருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது கிளாஸ்கோவில் வட கொரியப் பெண்கள் கால்பந்து அணியை அறிமுகப்படுத்தத் திரையில் தென் கொரியக் கொடியைக் காட்டிவிட்டார்கள். அணி மைதானத்தை விட்டு வெளியேறியது, ஆட்டம் சுமார் ஒரு மணி நேரம் தாமதமானது.

கொடிகள் மாறவும் செய்கின்றன. சிரியாவின் புதிய கொடி 2025 ஏப்ரலில்தான் ஐ.நா. தலைமையகத்தில் ஏறியது. ஐந்து வருடத்துக்கு முன் அடித்துப் பரணில் வைத்த கொடிக்கட்டை அப்படியே இறக்கிக் கட்டாதீர்கள்.

கொடிக்கோலம் வேறு. வாசலில் எல்லா நாட்டுக் கொடிகளையும் வண்ணப்பொடியில் போடுவது பார்க்க அழகு. அதன் மேல் செருப்புக் காலோடு நடந்துதான் உள்ளே வர வேண்டும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. சவூதி அரேபியாவின் கொடியில் இஸ்லாமிய உறுதிமொழி எழுதப்பட்டிருக்கிறது. 2007-ல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படையினர் குழந்தைகளுக்கென்று போட்ட கால்பந்துகளில் அந்தக் கொடியும் இருந்தது. புனித வாசகத்தைக் காலால் உதைப்பதா என்று மக்கள் கொதித்தார்கள். நல்லெண்ணத்தில் கொடுத்ததுதான், வந்தது ஆர்ப்பாட்டம். கோலத்துக்கு அமைதியின் அடையாளமான ஒலிவக் கிளை போதும்.

வரிசைக்கும் விதி உண்டு. நம் கொடிச் சட்டத் தொகுப்பின்படி மற்ற நாட்டுக் கொடிகளோடு பறக்கும்போது தேசியக் கொடி, பார்வையாளர்களைப் பார்த்து நிற்பவரின் வலது கோடியில் இருக்க வேண்டும். அதாவது எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இடது கோடி. மற்றவை நாடுகளின் ஆங்கிலப் பெயர்களின் அகரவரிசையில் வரும், தமிழ் வரிசையில் அல்ல. கம்பங்கள் ஒரே அளவில் இருக்க வேண்டும். அமைதிக் காலத்தில் ஒரு நாட்டின் கொடியை இன்னொன்றுக்கு மேலே பறக்கவிடக் கூடாது என்பது உலக வழக்கம். 'நம்ம கொடி கொஞ்சம் உசரமா இருக்கட்டும்' என்று யாராவது ஆர்வத்தில் சொன்னால் இதைக் காட்டுங்கள்.

மாறுவேடப் போட்டிக்கு வருவோம். 'ஆப்பிரிக்கா' என்று ஒரு குழந்தையின் முகத்தில் கரி பூசி, இலைப்பாவாடை கட்டி அனுப்புவதை இன்னமும் பார்க்கிறேன். ஆப்பிரிக்காவில் ஐ.நா. உறுப்பு நாடுகளே 54 இருக்கின்றன. நைஜீரியாவில் கணினிப் பொறியாளர்கள் இருக்கிறார்கள், எத்தியோப்பியாவில் பெரிய விமான நிறுவனம் இருக்கிறது. வெளிநாட்டில் ஒரு பள்ளி விழாவில் 'இந்தியா' என்று ஒரு பையனைப் பாம்பாட்டியாக நிறுத்தினால் நமக்கு எப்படி இருக்கும்? உடையே வேண்டாம் என்று சொல்லவில்லை. கென்யா என்றால் கென்யாவைப் பற்றி இரண்டு உண்மைகள் அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பேச்சாளர்களின் வாட்ஸ்அப் வரலாற்றுக்குத் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' ஐ.நா. சபையின் நுழைவாயிலில் பொறிக்கப்பட்டிருக்கிறது என்பது நம் மேடைகளின் நிரந்தர வசனம். அப்படி ஒரு பொறிப்பு அங்கே இல்லை. 2019 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் பிரதமர் மோடி அந்த வரியை மேற்கோள் காட்டினார், 2007-ல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அப்துல் கலாம் சொன்னார். அவை உண்மை. கணியன் பூங்குன்றனாருக்கு நியூயார்க் சுவர் தேவையில்லை. அந்தப் பாட்டு பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று முடிகிறது. வல்லரசுகளும் குட்டித் தீவுகளும் ஆளுக்கொரு வாக்கோடு உட்காரும் பொதுச்சபையைப் பற்றிப் பேச முதல் வரியைவிடக் கடைசி வரி பொருத்தம். அதை யாரும் சொல்வதே இல்லை.

'நம் தேசிய கீதம் உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்தது' என்பதும் கட்டுக்கதைதான். யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை.

பெருமைதான் வேண்டும் என்றால் உண்மையானது கைவசம் இருக்கிறது. 1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் ஆற்காடு ராமசாமி முதலியார். ஐ.நா. பொருளாதார, சமூக மன்றத்தின் முதல் தலைவரும் அவரே. அப்போது இந்தியாவுக்கு விடுதலைகூடக் கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்துகொண்டே எப்படித் தனி உறுப்பினர் ஆனோம் என்று ஒரு மாணவர் கேட்டால் அந்த விழா வெற்றி.

ஹிரோஷிமா நாளில் காகிதக் கொக்கு மடிக்காத பள்ளி குறைவு. சடாகோ சசாகி என்ற சிறுமியின் கதையும் கூடவே வரும். குண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. கதிர்வீச்சின் விளைவாக ரத்தப் புற்றுநோய் வந்து 1955 அக்டோபரில், 12 வயதில் இறந்தாள். ஆயிரம் கொக்குகள் மடித்தால் பிழைக்கலாம் என்று நம்பி 644 மடித்தாள், முடிப்பதற்குள் இறந்துவிட்டாள், மீதியைத் தோழிகள் மடித்தார்கள் என்று சொல்வார்கள். அது கதைக்காக வந்த எண். அவள் ஆயிரத்தைத் தாண்டியும் மடித்தாள் என்றே குடும்பத்தாரும் ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகமும் சொல்கிறார்கள். இது சின்னத் திருத்தம் இல்லை. 644 என்றால் நேரம் போதவில்லை என்ற சோகம் மட்டும்தான் மிஞ்சும். ஆயிரம் மடித்தும் கதிர்வீச்சு விடவில்லை என்பதுதான் அணுகுண்டு என்ன செய்யும் என்பதைச் சொல்கிறது.

மடித்த கொக்குகள் புகைப்படம் எடுத்ததும் குப்பைக்குப் போகும். ஹிரோஷிமா நகராட்சி உலகெங்கிலுமிருந்து தபாலில் வரும் கொக்குகளை வாங்கி, குழந்தைகள் அமைதி நினைவுச் சின்னத்தில் வைக்கிறது. ஒரு சின்ன பார்சல் அனுப்பினால் பிள்ளைகள் அடுத்த வருடம் வரை அதைப் பற்றிப் பேசுவார்கள். அப்புறம், தீக்காயப் படங்களை மூன்றாம் வகுப்புக்குக் காட்டாதீர்கள். பயந்த குழந்தைக்கு ராத்திரி தூக்கம் வராது, வேறு எதுவும் மனதில் நிற்காது.

புறா பறக்கவிடுவது வேண்டாம். கூண்டிலேயே வளர்ந்த வெள்ளைப் புறாவுக்கு வெளியே பிழைக்கத் தெரியாது. 2014-ல் வத்திக்கானில் போப் பிரான்சிஸ் அருகில் நின்ற குழந்தைகள் விட்ட புறாக்களைக் கூட்டத்தின் கண் முன்னாலேயே ஒரு கடற்பறவையும் காகமும் தாக்கின. பலூனும் வேண்டாம், அது எங்காவது வயலிலோ கடலிலோதான் விழும்.

ஐ.நா. சின்னத்தை அழைப்பிதழில் போடுவதும் தவறு. 1946-லேயே பொதுச்சபை அதைப் பாதுகாத்துத் தீர்மானம் போட்டுவிட்டது, அனுமதி இல்லாமல் பயன்படுத்த முடியாது. இந்தச் சின்னத்தோடு 'சர்வதேச', 'மனித உரிமை', 'அமைதி' என்ற சொற்களைக் கலந்து பெயர் வைத்த அமைப்புகள் கௌரவ டாக்டர் பட்டம் தருவதாக வரும். 2023-ல் சென்னையில் இப்படிப்பட்ட ஓர் அமைப்பு ஒரு பல்கலைக்கழக அரங்கத்தையே எடுத்துப் பிரபலங்களுக்குப் பட்டம் கொடுத்து, பின்னர் அது போலி என்று காவல்துறை வரை போனது. பட்டம் வழங்க நம் நாட்டில் பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் அனுமதித்த நிறுவனங்களுக்கும்தான் அதிகாரம். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடைக்குப் பதில் ஒரு புத்தகம் கொடுங்கள், போதும்.

உலக அமைதி பேசுகிறவர்கள் பக்கத்துத் தெருவை மறந்துவிடுவதும் உண்டு. தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. போரிலிருந்து தப்பி வந்தவர்களும் அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளும் நம் பள்ளிகளிலேயே படிக்கிறார்கள். அவர்களை அழைக்காமல் ஜெனீவாவைப் பற்றிப் பேசுவது ஒரு தவறு. அழைத்துவிட்டு, 'உங்க கஷ்டத்தைச் சொல்லும்மா' என்று ஒரு பெண்ணிடம் மைக்கை நீட்டுவது அதைவிடப் பெரிய தவறு. எதைப் பேச விருப்பம் என்று முன்கூட்டியே தனியாகக் கேளுங்கள். சமையல் பற்றிப் பேசுகிறேன் என்றால் சரி, சமையல்தான். வெளிநாட்டு மாணவர்களுக்கும் இதே மரியாதை.

சரி, இத்தனையையும் தவிர்த்துவிட்டால் மிச்சம் என்ன? ஒரே ஒரு ஒத்துழைப்பை எடுத்து, அது எப்படி நடந்தது என்று முழுதாகச் சொல்லுங்கள். என் தேர்வு பெரியம்மை ஒழிப்பு. 1958-ல் அதை உலகத்திலிருந்தே ஒழிக்கலாம் என்று முன்மொழிந்தது சோவியத் ஒன்றியம். கோடிக்கணக்கான தடுப்பு மருந்தை இலவசமாகவும் தந்தது. 1967-ல் தீவிரமான திட்டத்துக்குத் தலைமை ஏற்றவர் அமெரிக்கர், டி. ஏ. ஹெண்டர்சன். ஒருவரையொருவர் அணுகுண்டு காட்டி மிரட்டிக்கொண்டிருந்த காலத்தில் இந்த ஒரு வேலையில் இரண்டு நாடுகளும் கைகோத்தன. குறைந்த மருந்தில் குத்த உதவிய இருமுனை ஊசியை ஓர் அமெரிக்க நிறுவனம் காப்புரிமைத் தொகை கேட்காமல் விட்டுக்கொடுத்தது. 1975-ல் இந்தியாவில் கடைசி நோயாளி, 1980 மே 8 அன்று உலகில் பெரியம்மை இல்லை என்ற அறிவிப்பு.

இதில் சென்னைக்கும் பங்கு உண்டு. கிண்டி கிங் நிறுவனம் 1899-ல் தொடங்கியதே பெரியம்மைத் தடுப்பு மருந்து தயாரிக்கத்தான். உங்கள் தெருவிலேயே 50 வயதைத் தாண்டியவர்கள் பலர் கையில் அம்மை குத்திய வட்டத் தழும்பு இருக்கும். நான்கு பாட்டி தாத்தாக்களை முன்வரிசையில் உட்காரவைத்து, அம்மை குத்த வருகிறார்கள் என்றதும் யார் எந்தப் பரணில் ஒளிந்தார்கள் என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். கேள்வி நேரத்துக்கு முக்கால் மணி ஒதுக்குங்கள், வரவேற்புரைக்கு மூன்று நிமிடம். பெரும்பாலான விழாக்களில் இது நேர்மாறாகத்தான் இருக்கிறது.