மெட்டு நம்முடையதுதானா என்று பார்ப்பது எப்படி?

கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், கிதாரும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பத்தே நிமிடத்தில் ஒரு பல்லவி வந்து விழுந்தது. பக்கத்து வீட்டுப் படுகர் இனப் பாட்டியிடம் பாடிக் காட்டினேன். "இது எங்க ஹெத்தையம்மனுக்குப் பாடுறதாச்சே, கண்ணு" என்றார். ஒவ்வொரு பண்டிகையிலும் காதில் விழுந்து உள்ளே தங்கிய பாட்டு அது.

அதனால் சுலபமாக வரும் மெட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். 1976-ல் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் மீதான மெட்டு வழக்கில் அமெரிக்க நீதிமன்றம், அவர் வேண்டுமென்று எடுக்கவில்லை, பழைய பாட்டு அடிமனதில் இருந்து வந்துவிட்டது, ஆனாலும் அது உரிமை மீறல்தான் என்றது.

வரிகளை விட்டுவிட்டு மெட்டை மட்டும் 'தன்னன்னா' என்று போனில் பதிவு செய்து ஒரு வாரம் தொடாமல் வையுங்கள். திரும்பக் கேட்கும்போது வேறு பாட்டின் வரி தானாக வாய்க்கு வந்தால் உஷாராகிவிடுங்கள். கூகுளில் முணுமுணுத்துத் தேடலாம், ஆனால் பதிவே ஆகாத ஊர்ப் பாட்டு அதில் எப்படிக் கிடைக்கும்? வயதானவர்களிடம் பாடிக் காட்டுங்கள்.

ஒத்துப்போகிறது என்றால் இரண்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து ஸ்வரம் எழுதிப் பாருங்கள். மோகனத்தில் ச ரி க ப த என்று ஐந்தே ஸ்வரம், யார் மெட்டுப் போட்டாலும் கொஞ்சம் சாயல் வரத்தான் செய்யும், அதற்காகப் பயப்பட வேண்டாம், ராகமும் தாளமும் எல்லோருக்கும் பொது. எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) எங்கே விழுகிறது, எந்த ஸ்வரத்தில் நின்று இழுக்கிறது, எதில் வந்து அமர்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மூன்றும் ஒன்றாக இருந்தால் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்துப் பயனில்லை, மெட்டையே மாற்றுங்கள், இல்லையென்றால் அனுமதி கேளுங்கள்.

ஏழு செகண்ட் வரை எடுக்கலாம் என்பார்கள், நம்பாதீர்கள், நம் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. இசையமைத்தவர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. வரிகளுக்கு உரிமை தனி.

மலைப் பாட்டுக்கு எழுதியவர் பெயர் இருக்காது, அதற்காக அது கேட்பாரற்றது ஆகிவிடாது. நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களிடம் தெய்வத்துக்கு வாசிக்கும் மெட்டு வேறு, சாவுக்கு வாசிக்கும் மெட்டு வேறு; அது தெரியாமல் எடுத்துக் காதல் பாட்டில் போட்டால் அவர்களுக்கு எவ்வளவு வலிக்கும்! நேரில் போய்க் கேளுங்கள். சம்மதித்தால் ஊர்ப் பெயரைப் போடுங்கள், வரும் பணத்தில் பங்கு கொடுங்கள்.

நானும் பாட்டியின் ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு)ப் போய்ப் பெரியவர்கள் முன்னால் பாடினேன். கடைசி வரியின் மெட்டு மட்டும் வேண்டாம் என்றார்கள். எடுத்துவிட்டேன்.