பூட்டிய ஹார்ட் டிஸ்க்கின் பாஸ்வேர்ட் மறந்துபோச்சா?

கோலாலம்பூரின் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். டிஸ்க்கைப் பூட்டும் மென்பொருள் பிட்லாக்கர் (விண்டோஸில் வருவது), வெராகிரிப்ட், லக்ஸ் (லினக்ஸில் வருவது) எதுவாக இருந்தாலும், ஒழுங்காகப் பூட்டிய டிஸ்க்கை உடைத்துத் திறக்கும் வித்தை எந்தக் கடைக்காரரிடமும் கிடையாது. பழுதான டிஸ்க்கிலிருந்து டேட்டா எடுப்பதில் அவர் கெட்டிக்காரராக இருக்கலாம், ஆனால் சாவி இல்லாமல் எடுத்தால் வருவது வெறும் குப்பை. உங்களுக்கு இருப்பது இரண்டு வழி: எங்கோ கிடக்கும் மாற்றுச் சாவியைத் தேடுவது, இல்லாவிட்டால் தலைக்குள் பாதி மிச்சமிருக்கும் பாஸ்வேர்டை முழுசாக்குவது. அதுவரை எதையும் ஃபார்மட் பண்ணாதீர்கள்.

டிஸ்க் இப்போது திறந்த நிலையில் இருக்கிறதா? அப்படியானால் லேப்டாப்பை அணைக்கவே கூடாது. முதலில் ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் செட்டிங்கிலேயே ரெக்கவரி கீயை, அதாவது மாற்றுச் சாவியை, மறுபடி சேமிக்கலாம்.

நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்டால் அது பிட்லாக்கர். நிறைய பேருக்குத் தாங்கள் பூட்டியதே தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் பல லேப்டாப்புகளில் அது தானாகவே பூட்டிக்கொள்ளும், சாவியும் அந்தக் கணக்கிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் ஒருநாள் பயாஸ் அப்டேட் ஆனதும் சாவி கேட்கும். வேறொரு கருவியிலிருந்து அந்தக் கணக்கைத் திறந்து, திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிடுங்கள். அங்கே இல்லையென்றால் லேப்டாப்பை முதன்முதலில் செட்டப் செய்தது யார் என்று யோசியுங்கள், தம்பியின் கணக்காகவோ கடைக்காரருடையதாகவோ இருக்கலாம். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி பிரிவில் கேட்டாலே போதும்.

சாவியை பிரின்ட் எடுத்து வைத்திருந்து அதில் ஒரு இலக்கம் அழிந்திருந்தால் பதற வேண்டாம். ஆறு இலக்கம் கொண்ட ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபடும். 31?482 என்று தெரிந்தால் கேள்விக்குறி 7-ஆகத்தான் இருக்க முடியும், ஏனென்றால் 317482 மட்டுமே வகுபடுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த வேலைப்பாடு இது.

அடுத்து கீபோர்டு. நம் ஊர் லேப்டாப் கட்டைகளில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் அமெரிக்க அமைப்பு, ஆனால் விண்டோஸில் பிரிட்டிஷ் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஷிஃப்டோடு 2-ஐ அழுத்தும்போது அட் குறிக்குப் பதிலாக இரட்டை மேற்கோள் விழும். புள்ளிகளாக மட்டும் தெரியும் பெட்டியில் இதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? நோட்பேடில் தட்டிப் பாருங்கள், கேப்ஸ் லாக்கையும் சேர்த்து. வெராகிரிப்டில் பிஐஎம் என்று ஓர் எண் வைத்திருந்தால் அதுவும் சரியாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சரியான பாஸ்வேர்டையும் தவறு என்றே சொல்லும். முன்பு ஹெடரை (டிஸ்க்கைத் திறக்கும் சாவி விவரம் இருக்கும் பகுதி) பேக்கப் எடுத்திருந்தால், அப்போதைய பழைய பாஸ்வேர்டே போதும். லக்ஸின் முதல் பதிப்பில் 8, இரண்டாம் பதிப்பில் 32 வரை சாவி இடங்கள் உண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பாஸ்வேர்ட் வைக்கலாம், அதனால் செட்டப் செய்தவரின் பாஸ்வேர்டும் அதில் இருக்கலாம்.

இவ்வளவுக்கும் மசியவில்லையா, சரி, ஒரு தாளை எடுங்கள். நீங்கள் வழக்கமாகப் பாஸ்வேர்டில் சேர்க்கும் துண்டுகளை எழுதுங்கள்: பினாங்கில் பதிந்த காரின் பி-யில் தொடங்கும் நம்பர், ஐசியின் (அடையாள அட்டை) கடைசி நான்கு இலக்கம், அம்மா பெயர். லட்சுமியை ஆங்கிலத்தில் எழுத நம்மவர்களிடம் எத்தனை விதம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், எல்லாவற்றையும் எழுதுங்கள். டிஸ்க்கை முழுசாக இமேஜ் (அச்சு அசல் நகல்) எடுத்து பத்திரப்படுத்திவிட்டு, பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் மென்பொருள்களான ஹாஷ்கேட் அல்லது ஜான் த ரிப்பருக்குத் தேவையான ஹெடர் பகுதியை மட்டும் அந்த நகலிலிருந்து பிரித்தெடுத்து, இந்தத் துண்டுகளை மாற்றி மாற்றிக் கோக்கச் சொல்லுங்கள்.

டிஸ்க்கைப் பூட்டும் மென்பொருள்கள் வேண்டுமென்றே ஒவ்வொரு முயற்சியையும் மெதுவாக்குகின்றன. வெராகிரிப்ட் சாதாரண டிஸ்க்குக்கு இயல்பாகவே ஒவ்வொரு பாஸ்வேர்டுக்கும் 5 லட்சம் சுற்று கணக்கு ஓட்டும். நொடிக்கு 10 முயற்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் மறந்திருந்தால் 17 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் எண்ணும் கலந்த எட்டு இடமும் சுத்தமாக நினைவில் இல்லையென்றால், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஏறக்குறைய 7 லட்சம் வருஷம். நொடிக்கு ஆயிரம் ஓடினாலும் 7,000 வருஷம். அந்த நிலைமையில் இமேஜை ஓரமாக வைத்துவிட்டு டிஸ்க்கை ஃபார்மட் பண்ணி வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு துண்டு பிறகு ஞாபகம் வந்தால் இமேஜிலேயே முயன்று பார்க்கலாம்.