பிராது எழுதப் பழகும் சட்ட மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பாகப்பிரிவினை வழக்குக்குப் பஞ்சமே இல்லை. சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டே வக்கீல் அலுவலகத்துக்குப் பழக வரும் பிள்ளைகள் முதலில் எழுதிப் பார்ப்பதும் பெரும்பாலும் அந்தப் பிராதைத்தான், அதாவது வாதி வழக்கைத் தொடுக்கக் கோர்ட்டில் கொடுக்கும் மனுவைத்தான். அவர்களுடைய டிராஃப்டுகளைத் திருத்தும்போது சட்ட அறிவில் குறை தெரிவதில்லை. பிரிவுகள் தலைகீழ்ப் பாடம். நடந்தது என்ன, எங்கே, எப்போது என்று எழுதுவதில்தான் தடுமாறுகிறார்கள்.

சொத்து விவரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘காரைக்குடியில் உள்ள பூர்வீக வீடு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நம் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பு வைத்து அடுத்த தெருவில் பின்வாசல் வைத்தவை. ஒரே வளவை (வீட்டின் உள்முற்றத்தை) சுற்றி நாலைந்து பங்காளிகளின் அறைகள் இருக்கும். எந்த அறை யாருக்கு என்பதில்தான் வழக்கே. அசையாச் சொத்தை அடையாளம் காணும் அளவுக்கு எழுத வேண்டும், எல்லையோ சர்வே எண்ணோ இருந்தால் அதையும் குறிக்க வேண்டும் என்கிறது உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் கட்டளை 7, விதி 3. ஆகவே மாவட்டம், வட்டம், தெரு, டவுன் சர்வே எண் என்று வரிசையாக வந்து, ‘கிழக்கே முகப்புத் தெரு, மேற்கே பின்தெரு, வடக்கே இன்னார் வீடு, தெற்கே சந்து, இதற்குள் கிழமேலடி இத்தனை, தென்வடலடி இத்தனை, வளவின் வடசிறகில் கிழக்கிலிருந்து இரண்டாவது அறை’ என்று முடிய வேண்டும். வழக்கு இரண்டாம் மேல்முறையீடாக மதுரை அமர்வுக்குப் போனால், படிக்கும் நீதிபதி அந்தத் தெருவையே பார்த்திருக்க மாட்டார். நாளைக்கு டிகிரியை (தீர்ப்பின்படியான கோர்ட் உத்தரவை) நிறைவேற்ற வரும் அமீனா என்ற கோர்ட் ஊழியரின் கையில் இருக்கப்போவதும் இந்த நாலு வரிதான்.

அடுத்த தவறு, சங்கதியையும் (நடந்ததையும்) சாட்சியத்தையும் கலப்பது. வழக்குரையில் (இரு தரப்பும் கோர்ட்டில் எழுதிக் கொடுப்பதில்) முக்கியச் சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், அவற்றை நிரூபிக்கும் சாட்சியத்தைச் சொல்லக் கூடாது என்பது கட்டளை 6, விதி 2. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டுச் சுவீகாரம், அதாவது தத்தெடுப்பு, இதற்கு நல்ல பயிற்சி. இன்ன தேதியில் பெற்றவர்கள் பிள்ளையைக் கொடுத்தார்கள், இவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பது சங்கதி. கல்யாணத்தின்போது எழுதிய இசைகுடிமானத்தில் யார் மகன் என்று இருக்கிறது, கோயிலின் குடும்பக் கணக்கான புள்ளிக் கணக்கில் யார் பேரில் வருகிறது என்பதெல்லாம் சாட்சியம். மாணவர்கள் இசைகுடிமானத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கொடுத்து வாங்கிய தேதியை விட்டுவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுத்தல் மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, 15 வயது நிரம்பியவரையோ மணமானவரையோ சுவீகாரம் எடுக்க முடியாது. அதை அனுமதிக்கும் வழக்கம் இருந்தால் மட்டுமே முடியும். நம்மிடம் அந்த வழக்கம் இருப்பது ஊருக்கே தெரியும் என்பதால் பிராதில் எழுதாமல் விடுகிறார்கள். ஊருக்குத் தெரிந்தால் போதாது. வழக்கத்தை நம்புகிறவர் அதைச் சொல்லியாக வேண்டும், பிறகு நிரூபிக்கவும் வேண்டும்.

பழைய சட்டத்தை எழுதுவது இன்னொன்று. வீட்டில் பங்கு கேட்கும் பெண்ணுக்கு எதிராக, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவை இன்னமும் எழுதிக்கொண்டு வருகிறார்கள். குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்க முடிவுசெய்யும் வரை பெண்கள் பாகம் கேட்க முடியாது என்ற அந்தப் பிரிவு 2005 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. அதேபோல் 2015இல் வந்த பிரகாஷ் எதிர் பூலாவதி தீர்ப்பைக் காட்டி, அந்தத் திருத்தம் அமலுக்கு வந்த 9.9.2005 அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று வாதிடுகிறார்கள். 11.8.2020 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை. எந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டினாலும் பிறகு அது நிராகரிக்கப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள். தீர்ப்பின் மேலே அச்சிடும் சுருக்கமான தலைக்குறிப்பை மட்டும் படித்துவிட்டு எழுதாதீர்கள், அது நீதிபதி எழுதியது அல்ல. செயற்கை நுண்ணறிவு எடுத்துக்கொடுக்கும் வழக்குப் பெயரை, முழுத் தீர்ப்பைத் திறந்து பார்க்காமல் ஒருபோதும் தாளில் ஏற்றாதீர்கள். குற்றவியல் மனு என்றால் 1.7.2024க்கு முன் நடந்த குற்றமா, பின் நடந்ததா என்று பார்த்துத்தான் இந்திய தண்டனைச் சட்டமா, பாரதிய நியாய சன்ஹிதாவா என்று எழுத வேண்டும்.

பிரதிவாதி தரும் பதிலான எதிர்வழக்குரையில் ‘பிராதில் கண்டவை யாவும் பொய்’ என்று ஒரு வரி எழுதினால் மறுத்தாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். கட்டளை 8, விதி 5 குறிப்பாக மறுக்காத சங்கதியை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளும். ஐந்து லட்சம் வாங்கியதாகச் சொன்னால், ‘ஐந்து லட்சம் வாங்கவில்லை’ என்று எழுதுவதும் போதாது; நாலு லட்சம் வாங்கினாரோ என்ற கேள்வி நிற்கும். ‘அந்தத் தொகையையோ அதில் எந்தப் பகுதியையுமோ வாங்கவில்லை’ என்று எழுத வேண்டும். பத்தி பத்தியாகப் பிராதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் எழுதுவது அலுப்பான வேலைதான். ஆனால் இந்தத் தொழிலில் இதற்குக் குறுக்குவழி கிடையாது.

‘அநியாயமாக’, ‘கொடூரமாக’ போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். மோசடி என்று எழுதினால் யார், எப்போது, என்ன சொல்லி ஏமாற்றினார் என்ற விவரம் கூடவே வர வேண்டும். கட்டளை 6, விதி 4 அதைக் கேட்கிறது.

கடைசியாக, பழைய பிராதைப் பார்த்து எழுதுவதில் வரும் ஆபத்து. நாலாவது பத்தியில் ‘வாதி கூட்டு அனுபவத்தில் இருந்து வருகிறார்’ (பங்காளிகளோடு சேர்ந்து சொத்தைத் தன் வசம் வைத்திருக்கிறார்) என்றும், ஒன்பதாவது பத்தியில் ‘வாதியை வீட்டுக்குள் விடாமல் பூட்டிவிட்டார்கள்’ என்றும் ஒரே பிராதில் வந்துவிடுகிறது. 1955ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37ஆம் பிரிவில் கூட்டு அனுபவத்தில் இருப்பவருக்கு நிலையான கட்டணம். அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டவர் தன் பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்ட வேண்டும். எது உண்மை என்பதைக் கட்சிக்காரரிடமே கேளுங்கள்: முகப்புச் சாவி யாரிடம் இருக்கிறது, அவருடைய அறையில் இப்போது யார் சாமான் கிடக்கிறது, போன படைப்புக்கு (முன்னோருக்கு வீட்டில் செய்யும் வழிபாட்டுக்கு) அவரை உள்ளே விட்டார்களா. பதிலைக் குறித்துக்கொண்ட பிறகு அந்த இரண்டு பத்திகளில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.